சிக்னல் முழுதாக இருந்த நாள்

பாணேர், புனே
4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அன்புள்ள அச்சுதன் அண்ணாச்சிக்கு,

ராஜி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நலம். நீங்களும் பவுன் மதினியும் எப்படி இருக்கிறீர்கள்?

தமிழில் கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆயிற்றோ தெரியவில்லை. அம்மு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறாள். வேறு என்ன செய்ய? மூன்று தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்ததோடு சரி. மதினியைக் கேட்டால், மாடியில் இருக்கிறார், சொல்கிறேன் என்கிறார்கள். ஆறு வருடம் உங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியிருந்துவிட்டு, மே மாதம் திடீரென்று காலி செய்தது உங்களுக்கு மனத்தாங்கலோ? முகுந்தின் ஆபீஸ் இங்கே பக்கம் என்பதால்தான் வந்தோம். வேறு காரணம் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஃபிளாட் ரயில் பெட்டி மாதிரி நீளம். கம்பெனிக்காரன் ரவுட்டரை வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். நான் ஆன்லைன் டியூஷன் எடுப்பது கடைசி அறையில். நடுவில் மூன்று சுவர். சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை பதினோரு பிள்ளைகள் கணக்குப் படிக்க வருகிறார்கள். அந்த அறையில் ஒரு கோடு சிக்னல்கூட நிற்காது.

சாமான் பிரிக்கும்போது உங்கள் பழைய கறுப்பு ரவுட்டர் கிடைத்தது. தாபோடியில் எங்கள் பின்னறைக்கு சிக்னல் வரவில்லை என்று நீங்கள் மாட்டித் தந்தீர்களே, அதேதான். மதினி பாத்திரங்களோடு கட்டி அனுப்பியிருக்கிறார்கள். முகுந்துக்கு அதன் பாஸ்வேர்ட் தெரியாததால், பின்னால் இருக்கும் துளையில் குண்டூசியை விட்டு ரீசெட் செய்துவிட்டார். வாசலிலிருந்து சுவரோரமாக ஒரு கேபிள் இழுத்து அதில் சொருகினார். இப்போது கடைசி அறையில் சிக்னல் முழுதாக இருக்கிறது. ஆனால் நெட் நாலு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தால் அன்றைக்குக் கட்டாயம் வராது. எல்லாக் கோடும் நிறைந்திருக்கும். லேப்டாப்பில், இணைந்திருக்கிறது, இணையம் இல்லை என்று வரும். பிள்ளைகள் பக்கம் என் முகம் அப்படியே சிலையாக நின்றுவிடுகிறதாம்.

லைன் பார்க்கிறவர் மூன்று முறை வந்து போய்விட்டார். அவர் லைனில் குறை இல்லையாம். புதிதாக வாங்கலாம் என்கிறார் முகுந்த். அச்சுதன் அண்ணாச்சி வந்தால் ஐந்து நிமிட வேலை என்றேன். அடுத்த ஞாயிறு மதினியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நெத்திலிக் குழம்பு வைக்கிறேன்.

ஊர் விஷயம் கேட்பீர்கள். புதிதாக ஒன்றும் இல்லை. அப்பா போய் ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. அண்ணன் வீட்டோடு இன்னும் பேச்சு இல்லை.

அன்புடன்,
ராஜி


தாபோடி
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தங்கச்சி ராஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்படி நினைக்கவே வேண்டாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன், போன் வெளிச்சம் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் போன் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வர முடியும் என்று தோன்றவில்லை. மழை வேறு. என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிடுகிறேன். முகுந்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

பழைய ரவுட்டரில் நாலு மஞ்சள் துளையும் தனியாக ஒரு நீலத் துளையும் இருக்கும். வாசலிலிருந்து வரும் கேபிள் மஞ்சளில்தான் போக வேண்டும். நீலத்தில் ஒன்றும் சொருகாதே. ஆனால் அதற்கு முன்னால், அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை மட்டும் பழைய ரவுட்டரோடு இணைத்துக்கொள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு எண்ணும் பாஸ்வேர்டும் இருக்கும். அந்த எண்ணை பிரவுசரில் அடித்தால் அதன் உள்பக்கம் திறக்கும்.

முதலில் அதன் விலாசத்தை மாற்று. இரண்டு ரவுட்டருக்கும் ஒரே எண் இருக்கும், கடைசி இலக்கத்தை ஒன்றிலிருந்து இரண்டாக்கு. ஒரே கதவு எண் இரண்டு வீட்டுக்கு இருந்தால் தபால்காரர் குழம்பிப்போவார் இல்லையா, அதுபோல. அடுத்து வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் வாசல் ரவுட்டரில் உள்ளதையே எழுத்துப் பிசகாமல் கொடு. அப்போதுதான் நீ நடந்து போகப் போக போன் தானாக மாறிக்கொள்ளும். வாசல் ரவுட்டர் சேனல் ஒன்றில் இருந்தால் இதை பதினொன்றில் வை. ஒன்றையொன்று இடிக்காது.

கடைசியாக, DHCP என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய். பிறகுதான் கேபிளை மாட்ட வேண்டும். ரீசெட் செய்தபோது அது திரும்ப வந்திருக்கும். ராஜி, மற்றதெல்லாம் தவறினால் வேகம் குறையும், அவ்வளவுதான். இதை மட்டும் மறந்துவிடாதே. திரும்பத் திறந்து, டிக் இல்லை என்று இன்னொரு முறை பார்த்துவிடு.

மதினி உன்னையும் அம்முவையும் விசாரித்தாள்.

அண்ணாச்சி,
அச்சுதன்


பாணேர்
18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தோம். ஆறு நாளாக நெட் நிற்கவே இல்லை. இடையில் இரண்டு முறை கரண்டும் போனது. கிளாஸ் நடந்துகொண்டே இருந்தது. நன்றி.

ஆனால் ஒன்று. கண்ணுக்கு மருந்து விடுகிறவர் எப்படி இரண்டு பக்கம் பொடி எழுத்தில் எழுதினீர்கள்? டிக்கைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். "இது தவறியதால்தான்" என்று மட்டும் தெரிந்தது.

அந்த டிக் என்ன வேலை செய்கிறது என்று முகுந்தைக் கேட்டேன். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு எண் கொடுத்து, வெளியே போக இதுதான் வழி என்று காட்டும் வேலையாம். வாசல் ரவுட்டர் செய்ய வேண்டியது. பழையதும் கூடவே செய்தால், போனுக்கு யார் முதலில் கிடைக்கிறார்களோ அவர்கள் சொன்ன வழியில் போய்விடுமாம். கரண்ட் போய் வந்தால் கம்பெனி ரவுட்டர் எழ மூன்று நிமிடம் ஆகும். பழையது அரை நிமிடத்தில் எழுந்துவிடும். அது காட்டும் வழியில் வெளியுலகமே கிடையாது. சிக்னல் முழுதாக இருக்கும், நெட் இருக்காது.

நான் கணக்கு டீச்சர் அண்ணாச்சி. கிளாஸை முடித்துவிட்டு அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

2023 ஜனவரி 19, வியாழக்கிழமை. தாபோடியில் வியாழன் என்றால் கரண்ட் போகும், உங்களுக்குத் தெரியும். அப்பா நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அண்ணன் செவ்வாய்க்கிழமையே உடனே கிளம்பி வா என்றார். நான் பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருக்கிறது என்று வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தேன். "வர மனசில்லாதவளுக்கு எதுக்கு வீடியோ" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் அன்று காலை பதினொரு மணிக்கு அப்பா படுக்கைப் பக்கத்திலிருந்து வீடியோவில் வந்தார். நான் உங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தேன். நாலு நிமிடம் பார்த்தேன். அப்பா மாஸ்க்கை விலக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டது. தூக்கிய கையோடு.

போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கோடும் இருந்தது. அதனால் குறை என் பக்கம் இல்லை என்று நினைத்தேன். தெருமுனை மாவு மில்லு வரை ஓடி, அங்கே டவர் கிடைத்ததும் அண்ணனுக்கு ஒன்பது தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. பதினொன்று நாற்பதுக்குச் சித்தி கூப்பிட்டு அப்பா போய்விட்டார் என்றாள்.

இத்தனை நாளும் எனக்கு நினைவு வராத ஒன்று இப்போது வருகிறது. அப்பா முகம் நின்றதற்குச் சற்று முன்னால், தலைக்கு மேலே ஃபேன் ஒரு நொடி தயங்கிச் சுற்றியது. கரண்ட் போய் இன்வர்ட்டருக்கு மாறியிருக்கிறது, அந்த நொடியில் இரண்டு ரவுட்டரும் அணைந்து எழுந்திருக்கும்.

பழைய ரவுட்டரில் அந்த டிக்கை நீங்கள் எப்போது எடுத்தீர்கள்? எங்களுக்கு மாட்டித் தந்த அன்றா, அதற்குப் பிறகா? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ராஜி


தாபோடி
27 ஆகஸ்ட் 2024

ராஜிக்கு,

பிறகுதான்.

இந்த ஒரு சொல்லை எழுத இத்தனை நாள் ஆனது. எழுதியதைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். இனி எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த ரவுட்டரை உங்களுக்கு மாட்டியது பொங்கலுக்கு மறுநாள். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் புது கனெக்‌ஷன் வந்து பழையது சும்மா கிடந்தது. வீடியோ ஒன்றைப் பார்த்துச் செய்தேன். டிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் சொன்னார்கள். கேபிளை மாட்டியதும் உங்கள் அறையில் நெட் வந்துவிட்டது. வந்துவிட்டதே, அதை எதற்கு நோண்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன். அம்மு கை தட்டினாள். நீ காபி கொண்டுவந்தாய். முப்பத்தொரு வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். வரைபடத்தில் ஒரு கோடு விட்டுப்போனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். இதில் போட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை நான் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது பன்னிரண்டு மணி. நீ முற்றத்தில் உட்கார்ந்திருந்தாய். நெட் போயிருந்ததா என்று முகுந்த் கேட்டார். என் போனில் வந்துகொண்டிருந்தது. "நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல, அங்கதான் கட் ஆயிருக்கும்" என்றேன். ராஜி, அதைச் சொல்லும்போது எனக்குத் தெரியாது. அது சத்தியம்.

சாயங்காலம் நீங்கள் விமானத்துக்குக் கிளம்பிப் போன பிறகு, உங்கள் பகுதி விளக்குகளை அணைக்க வந்தேன். சந்தேகம் வந்தது. அந்த அறையில் நின்று என் போனை அணைத்துப் போட்டேன். சிக்னல் முழுதாக இருந்தது. நெட் இல்லை. லேப்டாப்பைக் கொண்டுவந்து உள்ளே திறந்து பார்த்தேன். டிக் இருந்தது. எடுத்துவிட்டு சேவ் செய்தேன். உன் கட்டிலில் மடித்து வைத்த புடவைகள் அப்படியே கிடந்தன. வெள்ளிக்கிழமைப் பயணத்துக்காக எடுத்து வைத்தவை.

இதோடு நின்றிருந்தால் பிழை என்று போயிருக்கும். நீ ஊரிலிருந்து திரும்பி வந்த மறுநாள் எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து எல்லாம் சொன்னாய். பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால், அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாமல் போனை அணைத்தவன் என்று அண்ணனைச் சொன்னதாகச் சொன்னாய். அவர், நீதான் பார்க்கத் தாங்காமல் வைத்துவிட்டாய் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, உங்களுக்கு இதெல்லாம் தெரியும். ஒருவேளை நெட்டுனால இருக்குமோ?" என்று கேட்டாய்.

"இருக்காது" என்றேன்.

தெரிந்தே சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். நீங்கள் கூடப் பிறந்தவர்கள், கொஞ்ச நாளில் சேர்ந்துவிடுவீர்கள், அதற்குள் நான் எதற்கு நடுவில் என்று அப்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் போயிற்று. ஒரு வருடம் போயிற்று. நாள் கூடக் கூட, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கும் கேள்வியும் கூடிக்கொண்டே போயிற்று. நீ வீடு காலி செய்வதாகச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கண்ணுக்கு ஒரு மருந்தும் விடவில்லை. உன் போன் வரும்போதெல்லாம் மாடிக்குப் போய்விடுவேன்.

பவுனிடம் நேற்றுத்தான் சொன்னேன். எழுதியதை அவளிடம் காட்டப் போனேன். "எங்கிட்ட எதுக்குக் காட்டுதீங்க? அவகிட்ட கொடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

அச்சுதன்


பாணேர்
31 ஆகஸ்ட் 2024

அச்சுதன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. முகுந்தும் படித்தார்.

அன்று உங்கள் அடுக்களையில் நான் அழுதபோது மதினி என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பேப்பரை ஒரு பக்கம் திருப்பினீர்கள். அந்தச் சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. இத்தனை நாள் அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். பொம்பளைகள் அழும் இடத்தில் பார்க்காமல் இருக்கிறார் என்று.

ரவுட்டரில் டிக் விட்டுப்போனதற்கு நான் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டேன். என் மாணவர்களில் கெட்டிக்காரப் பிள்ளைகூட ஒரு கழித்தல் குறியை விட்டுவிடும். ஆனால் நான் கேட்டேன். நேராக உங்களைத்தான் கேட்டேன். ஒரே ஒரு சொல்லில் என் அண்ணன் எனக்குக் கிடைத்திருப்பார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முதல் தேதியும் வாடகை கொடுக்க மாடிக்கு வந்தேன். பதினைந்து மாதம். ஒரு தேதியில்கூட உங்களுக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டேன். வாசல் கதவுப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கிளாஸ் எடுக்கிறேன்.

அண்ணனிடம் நான் எந்த முகத்தோடு பேசுவது? அதற்கும் எதில் டிக் போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா?

இனி எழுத வேண்டாம்.

ராஜி


வள்ளியூர்
20 செப்டம்பர் 2024

ராஜிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை எழுதாமல் இருக்க முடியாது. படிக்காமல் கிழித்தாலும் சரி.

நான் உன் ஊரில் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன். தாபோடியில் கணபதி கரைத்த மறுநாள் ரயில் ஏறி, நேற்று நாகர்கோவிலில் இறங்கி, பஸ் பிடித்து வந்தேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். போனில் சொல்லலாம் என்றாள் பவுன். போனில் சொன்னால் அவர் வைத்துவிடலாம். எனக்கும் வைத்துவிட வசதியாக இருக்கும். அதனால் நேரில் வந்தேன்.

இன்று காலை உன் அண்ணன் கடைக்குப் போனேன். வாசல் முழுக்கப் பம்புசெட் மோட்டார்கள். கோவிந்தராஜ் தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். உன் நெற்றிதான் அவருக்கும். புனேயில் ராஜி குடியிருந்த வீட்டுக்காரன் என்றேன். கை நின்றது. "அவளுக்கு என்ன?" என்றுதான் முதலில் கேட்டார். ஒன்றும் இல்லை, நலம் என்றேன். பிறகு காயிலைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே எல்லாம் சொன்னேன். எங்கே ஆரம்பிப்பது என்று ரயிலில் முப்பது மணி நேரம் யோசித்திருந்தேன், அங்கே ஒன்றும் நினைவு வரவில்லை. ரவுட்டர், கரண்ட், டிக் என்று முன்னும் பின்னுமாக உளறினேன். அவர் நடுவில் ஒரே கேள்விதான் கேட்டார். கரண்ட் வந்ததும் இரண்டு பெட்டியில் எது முதலில் எழுந்திருக்கும் என்று. பழையது என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கம்பியைக் கீழே வைத்தார்.

"அப்ப அவ வைக்கல" என்றார்.

வைக்கவில்லை, தெருவில் ஓடிப்போய் ஒன்பது தடவை கூப்பிட்டாள் என்றேன். அந்த நேரத்தில் டாக்டர்கள் வந்து தன்னை வெளியே நிற்கச் சொன்னார்களாம். போன் சத்தம் வராமல் சட்டைப் பையில் இருந்ததாம். பிறகு ஒன்பது மிஸ்டு கால் பார்த்தபோது, வைத்துவிட்டு இப்போது எதற்குக் கூப்பிடுகிறாள் என்று இன்னும் ஆத்திரம் வந்ததாம். இதையெல்லாம் என்னைப் பார்க்காமல், மோட்டாரைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்துத்தான் நான் பயந்த இடம் வந்தது. எனக்கு இது எப்போது தெரியும் என்று கேட்டார். அன்று சாயங்காலமே என்றேன். எழுந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நான் கட்டுன காயில் கருகுச்சுன்னா, நான்தான் கருக்கினேன்னு சொல்லிருவேன். சம்சாரி வயல்ல நின்னு ஏசுவான். கேட்டுக்கிடுவேன். இந்தத் தொழில்ல அதுக்கு மேல வேற என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார்.

  பிறகு, போங்க என்றார். ரோடு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டு, அவள் நம்பர் பழையதுதானா என்று கேட்டார். பழையதுதான் என்றேன்.

நாளை ரயில். அப்பாவின் அந்தக் கடைசி அரை மணி நேரத்தை உனக்குத் திருப்பித் தர என்னால் ஆகாது. இது என்னால் ஆனது. இதற்காக நீ எனக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அச்சுதன்


பாணேர்
6 அக்டோபர் 2024, ஞாயிறு

அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அண்ணன் போன் செய்துவிட்டார். நீங்கள் கடையை விட்டுப் போன அன்றைக்கே. கிளாஸ் நடுவில் இருந்தேன். போனில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன்.

 சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன் என்றேன். மணி ஐந்தரை, என்ன சாப்பாடு என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அழுதோம். முகுந்த் கதவைச் சாத்திக்கொண்டு அம்முவோடு கீழே போய்விட்டார்.

உங்களுக்கு ஒன்று எழுத வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்துத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவது எப்படி என்று இப்போது எனக்கும் தெரிகிறது. "இருக்காது" என்று நீங்கள் சொன்னதும் நான் ஏன் மறுபடி கேட்கவில்லை? முகுந்தைக்கூடக் கேட்கவில்லை. ஃபேன் தயங்கியதை நானே பார்த்தேன், ஆனால் அதை நினைத்துப் பார்க்கவில்லை. அண்ணன் செவ்வாய்க்கிழமை இன்றைக்கே கிளம்பு என்றார். நாற்பத்தெட்டு விடைத்தாள் திருத்த வேண்டும் என்று நான்தான் வெள்ளிக்கிழமை ஆக்கினேன். அந்தத் தாள்களை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். விமானம் பிடித்திருந்தால் புதன்கிழமை நான் அப்பா பக்கத்தில் நின்றிருக்கலாம். போனே வேண்டியிருந்திருக்காது. இதை நினைக்காமல் இருக்க எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அண்ணன் போனை வைத்துவிட்டார் என்பது எனக்கு வசதியாக இருந்தது. உங்கள் பொய் என் கைக்குச் சரியாகப் பொருந்தியது. அதனால்தான் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

இதை எழுதுவதால் உங்கள் பங்கு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுடையது உங்களிடம்தான் இருக்கிறது. என்னுடையதையும் நான் சொல்ல வேண்டும், அதனால் எழுதினேன். அண்ணனிடமும் சொன்னேன். "விடு, நானும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். வர மனசில்லாதவன்னு சொன்னேன்லா" என்றார்.

நேற்று மறுபடியும் பேசினோம். இவ்வளவு நாளும் நான் யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்ததைக் கேட்டேன். அப்பா கையைத் தூக்கினாரே, என்ன சொல்ல வந்தார் என்று. அண்ணனுக்கும் தெரியாதாம். மாஸ்க்கை எடுக்க நர்ஸ் விடவில்லையாம். படம் நின்றபோது என் பக்கத்தில் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அவர் கேட்டார். அவருக்கும் அது தெரியாமல்தானே இத்தனை நாள் இருந்திருக்கிறது.

நாளைக்கு ரயில் ஏறிவிடுவேன் அப்பா, ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், படம் நின்ற பிறகும் தெரியாமல் இரண்டு தடவை சொன்னேன் என்றேன்.

 அதற்கு அண்ணன் சொன்னார்.

"உன் முகம் நின்னதும் அவரு என்னையப் பாத்தாரு. உன் மேல அவ்வளவு கோவம் எனக்கு. ஆனா அவரு காதுல, ராஜி ஞாயித்துக்கிழமை வந்துருவாப்பான்னுதான் சொன்னேன். சரின்னு கண்ணை மூடினாரு."

அதன் பிறகு நாங்கள் போனை வைக்கவில்லை. அவர் கடையில் யாரோ வந்து மோட்டார் கேட்டார்கள், அதைக் கவனித்துவிட்டு வந்தார். நான் அரிசி களைந்தேன். பேசாமலே லைனில் இருந்தோம்.

தீபாவளிக்கு மூன்று பேரும் வள்ளியூர் போகிறோம். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை, பொய்யாக எழுதவும் விருப்பமில்லை. ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியைப் பார்க்க வருவேன். அன்றைக்கு நீங்கள் மாடிக்குப் போய்விடாமல் கீழேயே இருங்கள்.

ராஜி